மூன்றாவது விரல்

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடக்கிறேன், இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்க முடியும். பதினான்கு வருஷம் வாயைத் திறக்க முடியாமலே பேசித் தீர்த்தவள் நான், இப்போது வாய் திறந்திருக்கிறது, பேச்சைக் காணோம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செருகியிருக்கிறார்கள், தெருவில் விற்கிற குச்சி ஐஸுக்குள் இருக்குமே, அதே தட்டைக் குச்சி. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இவ்வளவு பெரிய ஆபரேஷன், காதுக்கு முன்னால் தோலைத் திறந்து எலும்பை அறுத்தெடுத்தார்கள், கடைசியில் எல்லாம் வந்து நிற்பது ஐஸ் குச்சியில். அடுக்கின் நடுவில் இன்னொன்றைச் செருகினால் வாய் ஒரு குச்சிக் கனம் கூடத் திறக்கும், அவ்வளவுதான் வைத்தியம். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அடுத்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்ணையே பார்க்கிறாள். நான் கண்ணை மூடித் திறந்தால் செருக வேண்டும், அது எங்களுக்குள் ஏற்பாடு. நான் மூடவில்லை. கண்ணைக் கொட்டாமல் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், ஃபேனின் ஒரு இறக்கை மட்டும் கோணல், என் தாடை மாதிரி. எச்சில் வாயோரம் வழிகிறது, அம்மா துணியால் ஒற்றுகிறாள், இருபத்தோரு வயதில், முதுகலைப் பொருளியல் படிக்கிறவளுக்கு, அம்மா எச்சில் துடைக்கிறாள். காலையில் ஃபர்ஹானா டாக்டர் வந்து தன் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்திக் காட்டிவிட்டுப் போனார். "உன்னோட மூணு விரல், என்னோடது இல்ல, உன்னோடது, நிமிந்தாப்ல உன் வாய்க்குள்ள நிக்கணும். ரவுண்ட்ஸுக்குப் பெரிய டாக்டர் வர்றதுக்குள்ள நிக்கணும். ரெண்டுலேயே நின்னா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய், மயக்கம் கொடுத்து நெம்புவாங்க. வேற வழியில்ல கோமதி, மூட்டு மறுபடி இறுகப் பாக்குது." நேற்று இரண்டு விரல்தான் நின்றது. மூன்றாவது பல்லில் முட்டி நின்றது, வீட்டுக்குள் விடாத விருந்தாளி மாதிரி.

வலி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது, காதுக்குள் இருக்கிறது, நெற்றிப்பொட்டில் இருக்கிறது, சில சமயம் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கிற மாதிரிகூடத் தோன்றுகிறது. காதுக்கு முன்னால் ஒரு கை அகலத்துக்கு முடியைச் சிரைத்துவிட்டார்கள், அங்கே தையல் இழுக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொள்ளாமல் நான் எதற்கும் சம்மதிக்கிறவள் இல்லை. மண்டையோடும் தாடையும் சேருகிற இடத்தில் மூட்டே இல்லாமல் ஒரே எலும்பாக இறுகிப்போயிருந்தது, அதை வெட்டி எடுத்துவிட்டு, பொட்டுத் தசையில் ஒரு துண்டை மடக்கி நடுவில் மெத்தை மாதிரி போட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டு எலும்பும் மறுபடி கூட்டுச் சேர்ந்துகொள்ளாமல் இருக்க. அந்த மெத்தையை நம்பிச் சும்மா இருந்தால் ஆயிற்று, எலும்பு வளர்ந்து வந்து மறுபடி பூட்டிவிடும், அதனால்தான் குச்சி. "அப்பா வரலையா?" என்று பெரிய டாக்டர் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது கேட்டார். "அப்பாவுக்கு வாய் நல்லாத் திறக்கும் சார், எனக்குத்தான் திறக்கல" என்றேன். ஃபர்ஹானா டாக்டர் திரும்பிக்கொண்டு சிரித்தார், அந்தத் தோள் குலுங்கலைப் பார்த்துத்தான் இவரை நம்பலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் தியேட்டர், மறுபடி தியேட்டர், அதை மட்டும் நினைக்கக் கூடாது. வாய் திறக்காதவளுக்கு வாய் வழியாகக் குழாய் போட முடியாது, மூக்கு வழியாக, விழித்திருக்கும்போதே, ஒரு கறுப்புக் குழாய் மூக்குக்குள் நுழைந்து தொண்டைக்குள் இறங்கியது, "முழுங்கு, முழுங்கு, சண்டை போடாத" என்றார் மயக்க மருந்து டாக்டர், என்னைப் பார்த்துச் சண்டை போடாதே என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அழவில்லை. அழவில்லை என்பதை இங்கே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, வாயில் குச்சி. சரி, கண்ணை மூடித் திறக்கிறேன். அம்மா செருகுகிறாள். காதுக்குள் யாரோ ஓட்டைப் பானையில் மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சூடு, அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன், ஆமாம், வாயைத் திறக்காமல் ஜெயித்தவள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தோசையைக்கூட நசுக்கித்தான் தள்ள வேண்டும், அந்த இடுக்கு வழியாகத்தான் பேசினேன், எத்தனை மேடை. கல்லூரிகளுக்கு இடையிலான விவாதப் போட்டியில் எதிரணிப் பையன், இஸ்திரி போட்ட சட்டை, எழுந்து மைக்கைத் தட்டிவிட்டு, "தோழி வாயைத் திறந்து பேசினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்" என்றான். அரங்கமே சிரித்தது. நான் காத்திருந்தேன், சிரிப்பு அடங்கி, சிரித்ததற்காக ஒவ்வொருவரும் கொஞ்சம் கூச்சப்படத் தொடங்குகிற இடம் ஒன்று வருமே, அது வரை காத்திருந்தேன். அப்புறம் வலது புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கி, "தோழர் அரை மணி நேரமாக வாயைத் திறந்து வைத்திருக்கிறார், இன்னும் ஒரு கருத்தும் வெளியே வரவில்லை, நானும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்" என்றேன். கோப்பை என் விடுதி அறை ஜன்னலில் இருக்கிறது. அந்தப் புருவம்தான் என் ஆயுதம். முகத்தின் கீழ்ப்பாதி அசையாதவளுக்கு மேல்பாதி அத்தனை வேலையையும் செய்யும், அந்தப் புருவத்தைத் தூக்கினால் பேராசிரியர்களே வாக்கியத்தை மாற்றிப் போடுவார்கள். இப்போது அது தூங்குகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் ஃபர்ஹானா டாக்டர் என் கன்னத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார், காதுக்கு முன்னாலிருந்து விசிறி மாதிரி நரம்புகள் பிரிகின்றன, ஒன்று புருவத்துக்கு. "இது ரொம்பப் பக்கத்துல போகுது. ஒதுக்கி வச்சுட்டுத்தான் வேலை செய்வோம். ஆனா இழுபட்டாக் கோவிச்சுக்கும், சில மாசம் புருவம் எந்திரிக்காது. சம்மதமா?" நான் ஒரு நாள் கேட்டேன் யோசிக்க. ஒரு நாள் முழுக்க விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், தாயும் பிள்ளையும் மாதிரி இருந்தோம் நானும் அதுவும். சம்மதம் என்றேன். எதற்காக என்று எல்லாரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், முகம் நேராகும், வரன் அமையும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: புள்ளியியல் வகுப்பில், கடைசி பெஞ்சில், உலகத்தில் எல்லாரும் விடுகிற மாதிரி ஒரு கொட்டாவி விட வேண்டும். எனக்குக் கொட்டாவி கிடையாது. வரும், தொண்டை வரைக்கும் வரும், தாடைக் கதவில் மோதும், காது அடைக்கும், கண்ணில் தண்ணீர் விடும், மூக்கு வழியாகக் காற்றாகக் கசிந்து போய்விடும். ஏழு வயதிலிருந்து ஒரு கொட்டாவிகூட முழுசாக விட்டதில்லை, இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

"ஏளா கோமு, என்னளா இது, ஐயய்ய, வாய்க்குள்ள வெறகு அடுக்கி வச்சிருக்காவ!" ஆவுடைப் பெரியம்மா. அம்மாவின் அக்கா. புளியங்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள், வார்டு வாசலில் நுழையும்போதே பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கேட்கிறது. வயர் கூடையைத் தூக்கி என் காலடியில் வைக்கிறாள். "ஆப்பிள் வாங்கிட்டு வந்திருக்கேன். இனிமே கடிச்சுத் தின்னு பழகு." அம்மா, "அக்கா, அவ இப்ப பேசக் கூடாது, பொறவு பேசுவா" என்கிறாள். "பேச வேண்டாம், பேச வேண்டாம். அவ பேசினதெல்லாம் போதும். பேசிப் பேசித்தான தாடை தேஞ்சு இந்த நெலம வந்துச்சு. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி மேடையும் மைக்கும்னு நான் அன்னைக்கே உங்கிட்டச் சொன்னனா இல்லியா?" அம்மா குச்சியைத் துணியில் துடைக்கிறாள். தேய்ந்ததா! தேயவில்லை பெரியம்மா, வளர்ந்தது, எலும்பு வளர்ந்தது, படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்களே. நான் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்புகிறேன். "பாத்தியா, கேக்கும்போதே மொறைக்கா" என்கிறாள் பெரியம்மா. நான் முறைக்கவில்லை, முறைக்க இரண்டு புருவம் வேண்டும். பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, பஸ் அலுப்பில் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, வாய்க்கு நேராக விரலைக் கொண்டுபோய்ச் சொடக்குப் போட்டுக்கொள்கிறாள், டக், டக், டக், அவள் எப்போதும் செய்வதுதான். ஊரில் எந்தக் குழந்தை கொட்டாவி விட்டாலும் இவள் விரல் ஓடிப்போய்ச் சொடக்குப் போடும், போடாவிட்டால் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடுமாம். மூடநம்பிக்கை என்று பத்தாம் வகுப்பில் இவளோடு ஒரு மத்தியானம் முழுக்க வாதாடியிருக்கிறேன். அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கேட்டியா தங்கச்சி, வைகாசியில அவிய வாராவ, பிள்ளையப் பாக்க. தையல் தடம் தெரியாம முடிய இப்படி இழுத்து விட்டு ஒரு ஜிமிக்கியப் போட்டா மறைஞ்சிரும். ஆபரேசன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது, பல்லுல ஏதோ சின்ன வேலன்னு சொல்லிருவோம்." பல்லில் சின்ன வேலை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக்கொண்டு இரும்பைப் பிடித்துக் கிடந்தேனே, அது பல்லில் சின்ன வேலை. என் புருவத்தை அடகு வைத்தேனே, அது பல்லில் சின்ன வேலை. இந்தத் தழும்பை நான் மறைக்கவா, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் நிற்கப் போகிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பேன்.

சொல்லிவிடலாம். இந்த அடுக்கை உருவிப் போட்டுவிட்டு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், என்னிடம் இருக்கிறது அந்த வாக்கியம், இரண்டு வாரமாகத் தீட்டி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கே தெரியாது, அம்மா காபி வாங்கப் போயிருந்தபோது ஃபர்ஹானா டாக்டர் கேட்டார், "சின்ன வயசுல தாடையில அடிபட்டுச்சா? அப்புறம் வாயைக் கட்டி வச்சாங்களா?" கட்டி வைத்தார்கள். பெரிய லீவுக்குப் புளியங்குடி போயிருந்தேன், ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடித் துவைக்கிற கல்லில் மோவாய் மோத விழுந்தேன், பெரியம்மாதான் தூக்கிக்கொண்டு ஓடினாள், செருப்புகூடப் போடாமல், தார் ரோட்டில், அவள் தோளில் என் ரத்தம், கம்பவுண்டர் மோவாயில் தையல் போட்டார், அழகான தையல், இன்றைக்கும் தடம் தெரியாது, ஊரே அந்தத் தையலைப் பாராட்டியது. காதுக்கு முன்னால் உள்ளே ஒன்று உடைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் வாயை அசைக்க வேண்டாம் என்றார் கம்பவுண்டர், பெரியம்மா அதை லீவு முழுக்க ஆக்கினாள். தன் பழைய சேலையில், மஞ்சள் சேலை, ரொம்பத் துவைத்து மெதுமெதுவென்று ஆனது, அதில் ஒரு பட்டை கிழித்து மோவாயிலிருந்து உச்சிக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். "பேசப்பிடாது, சிரிக்கப்பிடாது, பேசினா தையல் பிரிஞ்சிரும்." கஞ்சியை ஆற்றி ஆற்றி ஸ்பூனில் விட்டாள். ஜாடையில் கேட்டதற்கெல்லாம் வாங்கிக் கொடுத்தாள், "எங்க கோமு சமத்து, வாயே தொறக்க மாட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், நானும் சமத்தாக இருந்தேன், என் வாழ்க்கையில் நான் சமத்தாக இருந்த ஒரே கோடை அது. பள்ளிக்கூடம் திறந்து துணியை அவிழ்த்தபோது வாய் பாதிதான் திறந்தது, பொங்கல் வருவதற்குள் ஸ்பூனே நுழையவில்லை. "குழந்தைக்கு அங்க அடிபட்டா, வலிச்சாலும் வாயை அசைக்க விடணும். பேச விடணும், சிரிக்க விடணும். அசையாமக் கிடந்தாத்தான் எலும்பு வளந்து ஒட்டிக்கும்" என்றார் ஃபர்ஹானா டாக்டர். பேசிப் பேசிப் போகவில்லை பெரியம்மா, பேசாமல் போயிற்று. நான் வாயாடியாக இருந்திருந்தால், உன் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால், எனக்கு இந்த ஐஸ் குச்சி தேவைப்பட்டிருக்காது. இதுதான் அந்த வாக்கியம். எப்பேர்ப்பட்ட வாக்கியம். கை தானாக எழுந்து குச்சி அடுக்கைத் தொடுகிறது. அம்மா என் கையைப் பார்க்கிறாள். உருவினால் தசை உடனே சுருட்டிக்கொள்ளும், மறுபடி இந்த அளவுக்குக் கொண்டுவர மத்தியானம் ஆகும், அதற்குள் ரவுண்ட்ஸ் வந்துவிடும், மறுபடி தியேட்டர், முழுங்கு, முழுங்கு. பெரியம்மா வெறும் காலோடு தார் ரோட்டில் ஓடுகிறாள், அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது, வாதத்துக்குச் சம்பந்தமில்லாத சாட்சி, நீக்கிவிடலாம், நீங்க மாட்டேன் என்கிறது. ஜெயிக்கிறதா, திறக்கிறதா. இன்று ஒன்றுதான். இவளுடைய ஒரு சொல்லுக்காக என் மூன்றாவது விரலை விட்டுக்கொடுக்கவா, அவ்வளவு மலிவா என் விரல். கையைக் கீழே இறக்கி அம்மாவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறக்கிறேன். அம்மா தயங்குகிறாள், இதற்குமேல் இதுவரை போனதில்லை. இன்னொரு தடவை மூடித் திறக்கிறேன். செருகுகிறாள். காதுக்குள் பானையே உடைகிறது. "பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி வருது பாரு, போதும்ட்டி, விடுட்டி" என்கிறாள் பெரியம்மா, குரல் வேறு மாதிரி. அம்மா திரும்பிப் பார்க்காமல், "அவ சொல்லட்டும்க்கா" என்கிறாள். அவ சொல்லட்டும். வாயில் இத்தனை குச்சியோடு கிடக்கிற என்னைப் பார்த்து என் அம்மா சொல்கிறாள்.

செருப்புச் சத்தம், ஃபர்ஹானா டாக்டர். "பெரிய டாக்டர் பக்கத்து வார்டுல இருக்கார், பாத்துருவோமா?" அடுக்கை மெல்ல உருவுகிறார், ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக, வாய்க்குள் காற்று குளிர்ந்து நுழைகிறது, தாடை நடுங்குகிறது, வெயிலில் கட்டிப்போட்டு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி அதற்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. "விரலை வை." ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளே போய்விட்டன, நேற்றும் போயின, மோதிர விரல் கீழ்ப்பல்லில் முட்டுகிறது. தள்ளுகிறேன். நகம் பல்லில் உரசுகிறது. "தள்ளாத, இறுக்காத, தளர விடு" என்கிறார் டாக்டர். தளர விடுவது எப்படி, நான் எதைத் தளர விட்டிருக்கிறேன் இதுவரை. இவ்வளவு பட்டும் பல் இடுக்கில் நிற்கிறது, ஒரு நகக்கனம், அவ்வளவுதான் குறை, அந்த நகக்கனத்துக்காக மறுபடி அந்தக் கறுப்புக் குழாய். ஏன் மூடுகிறாய், யாரிடம் கோபம் உனக்கு, என் தாடையோடு நான் வாதாடுகிறேன். வாசலில் பெரிய டாக்டரின் குரல் கேட்கிறது. பெரியம்மாவுக்கு இதற்குள் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, அந்தத் தழும்பு மறைய என்ன தடவணும்? வைகாசியில மாப்பிள்ள வீட்டுக்காரவிய வாராவ, நல்ல எடம், பையன் கோயம்புத்தூர்ல கம்பெனில இருக்கான், சொந்தத்துல ரெண்டு வீடு, மொட்ட மாடியில தண்ணித் தொட்டி, மூத்தவளக் கட்டிக் கொடுத்தாச்சு, மாமியாக்காரிக்குச் சர்க்கர, அவ்வளவுதான், வேற ஒரு கொறையுமில்ல, முன்னால ஒரு வேப்பமரம்..." வேப்பமரம் வரைக்கும் போய்விட்டாள், இனி மரத்தில் எத்தனை கிளை என்று சொல்வாள், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை எனக்கு, வலியில் தூக்கமில்லை, அவள் குரல் போய்க்கொண்டே இருக்கிறது, ஃபேன் கோணலாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தொண்டைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல ஏறுகிறது, எனக்குப் பழக்கமானதுதான், வழக்கம்போல வந்து கதவில் மோதப் போகிறது, காது அடைக்கிறது, கண் சுருங்குகிறது, மோதப் போகிறது, மோதவில்லை. கதவைக் காணோம். தாடை தன்னால் இறங்குகிறது, இறங்கிக்கொண்டே போகிறது, நான் இறக்கவில்லை, யாரும் இறக்கவில்லை, விரல்களுக்குக் கீழே பல் விலகிப் போகிறது, மோதிர விரல் எப்போது உள்ளே வந்தது, மூன்றும் உள்ளே நிற்கின்றன, சுற்றிலும் இடம் இருக்கிறது, வீடு மாறிப் போன முதல் நாள் மாதிரி இடம். டாக்டர், "அப்படியே, அப்படியே" என்று என்னவோ சொல்கிறார். பெரியம்மாவின் பேச்சு வேப்பமரத்தில் நின்றுவிட்டது. என் முகத்துக்கு நேராக ஒரு கை வருகிறது, கண்ணாடி வளையல் மணிக்கட்டில் சரிகிறது, யோசித்து வரவில்லை அந்தக் கை, தார் ரோட்டில் ஓடின கால் யோசித்து ஓடியிருக்குமா, டக், டக், டக், என் வாய்க்கு நேராகச் சொடக்கு, பதினான்கு வருஷமாக எனக்குப் போடக் கிடைக்காத சொடக்கு. சொல்லத்தான் போகிறேன் பெரியம்மா, அந்த மஞ்சள் துணியைப் பற்றி, ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உன் எதிரில் உட்கார்ந்து, நன்றாக வாயைத் திறந்து சொல்வேன், நீயும் பதில் சொல், ஒரு மத்தியானம் முழுக்க வாதாடுவோம். முதலில் இந்தக் கொட்டாவி முடியட்டும். அவள் விடாமல் சொடக்குப் போடுகிறாள். நான் மூடவில்லை.